நாய்க்கு மனம் விட்டுப்போச்சாம்

ஹெலிச் சத்தம் கேட்டதும்
மணற்காட்டில் மிஞ்சியிருந்த சனம்
பங்கரைத் தேடி ஓடியது.
பங்கருக்குள்ளே கடல் கிடந்தது.

ஓடாதையுங்கோ, இது மருந்து கொண்டு வருகுது என்று
சங்கத்து ஒலிபெருக்கியில் கத்தியவன் நான்.
கத்திக்கொண்டே
ஒரு வடலிக்குக் கீழே குனிந்துதான் நின்றேன்.

எங்கேயோ கடலுக்கடியில் நிலம் புரண்டதாம்.
எங்களுக்கு ஒன்றும் ஆடவில்லை.
ஞாயிறு பூசையில் மெழுகுதிரிச் சுடர்கூட
நேராகத்தான் நின்றது,
தண்ணீர் வாசலுக்கு வரும்வரை.

ஆருடைய பட்டாளம் என்று கேட்டார்கள்.
கூடாரத்தில் கட்டியிருந்த கொடியைக் காட்டினேன்.
இதுவரை நாங்கள் காணாத கொடி.
அப்ப பரவாயில்லை என்றார் சம்மாட்டி நீக்கிலாப்பிள்ளை.

பள்ளிக்கூட முற்றத்தில் ஜெனரேற்றர் இரைந்தது.
ஏற்பூசி, தையல், உப்பு நீரில் ஊறிப்போன கால்கள்.
எங்கே நோகுது என்பதை
அன்றைக்கு மட்டும் நூறு தரம் சொல்லியிருப்பேன்.
மரியசெபமாலையின் முறை வந்தபோது
கையை நீட்டச் சொன்னார்கள்.
அவள் அடையாள அட்டையை நீட்டினாள்.
எத்தனை வருசம் சென்றிப் பொயின்றில் நின்ற கை அது!
சீருடைத் தாதிக்கு விளங்கவில்லை.
இரண்டு கையாலும் வாங்கிப் படத்தைப் பார்த்தாள்,
ஒரு சொல் சொன்னாள்.
என்னவாம், என்னவாம் என்று பதறினாள் செபமாலை.
வடிவாய் இருக்கிறியாம், என்றேன்.
அதற்குப் பிறகுதான் காயத்தைக் காட்டினாள்.

நாய் வந்தது ஆறாம் நாள்.
கூட வந்த பொடியனுக்கு வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருந்தது.
காலையிலிருந்து மாலைவரை மண்மேடுகளை மணந்து
பதினொரு இடத்தில் குந்தியது.
பதினொன்றும் பிரேதம்.
இரவு கோப்பையை முகர்ந்துவிட்டு
முகத்தை மறுபக்கம் வைத்துப் படுத்துக்கொண்டது.

விடிய அவன் என்னிடம் வந்து
தயங்கித் தயங்கி ஒன்று கேட்டான்.
உயிரோடு ஒருவரையாவது அது கண்டுபிடிக்கவேண்டும்,
இல்லாவிட்டால் இனித் தேடாது.
ஆராவது கொஞ்ச நேரம் ஒளிந்திருப்பார்களா?

பிள்ளைகளைத் தேடி
மணலைக் கையால் கிண்டிக்கொண்டிருக்கும் சனத்திடம்
இதை எந்தத் தமிழில் சொல்வது?
நாய்க்கு மனம் விட்டுப்போச்சாம், என்றேன்.
ஆரோ சிரித்தார்கள்.
ஆரோ காறித் துப்பினார்கள்:
நாய்க்கு ஆள் பிடிக்கவோடா வந்தனி?

எமிலியான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு எழும்பினான்.
பெண்சாதியும் இல்லை, இரண்டு பொடியளும் இல்லை.
ஆறு நாளாய் ஒரு சொல் பேசாதவன்
எவ்வளவு நேரம் எண்டு கேள், என்றான்.
அது வரும்வரைக்கும், என்றேன்.
கவிழ்ந்து கிடந்த தன் வள்ளத்துக்குக் கீழே
ஊர்ந்து போய்ப் படுத்துக்கொண்டான்.

அவிழ்த்துவிட்டதும் நாய் கிணற்றடிக்குப் போனது.
கோயில் சுவரைச் சுற்றியது.
நேற்றுக் குந்திய ஒரு மேட்டில்
கால் தூக்கியபடி சற்று நின்றது.
எங்களில் ஒருவரும் மூச்சு விடவில்லை.
பிறகு திரும்பி, மணல் பறக்க ஓடி,
வள்ளத்தைப் பிறாண்டிக்கொண்டு குரைத்ததே,
அப்படியொரு குரைப்பை அந்தக் கரை
அந்தக் கிழமை முழுக்கக் கேட்கவில்லை.

பொடியன் கைதட்டினான், பந்தை எறிந்தான்,
நாயைக் கட்டிப்பிடித்து மணலில் உருண்டான்.
எமிலியான் வெளியே வரவில்லை.
வள்ளத்துக்குள்ளிருந்து சத்தம் மட்டும் வந்தது,
உடைந்த பலகைக்குள்ளே காற்று நுழைவதுபோல.
பிறகு, இன்னுங் கொஞ்சம் தேடச் சொல்லு, என்றான்.

என்ன சொல்கிறார் என்று கேட்டான் பொடியன்.
தண்ணீர் கேட்கிறார், என்றேன்.
அவன் நெஞ்சு மணலில் பட நீட்டிப் படுத்து
தன் போத்தலை உள்ளே தள்ளினான்.
கனநேரம் கழித்து ஒரு கை வந்து
அதை எடுத்துக்கொண்டது.

அன்று நாய் சாப்பிட்டது.

மறுநாள் மருந்து வரிசையில் எமிலியான் நின்றான்.
காயமில்லை, காய்ச்சலில்லை.
இண்டைக்கும் ஒளியவேணுமோ எண்டு
கேட்டுச் சொல்லு, என்றான்.